பழைய காரில் ஹீட்டர் காற்று பலவீனமா? மோட்டாரை மாற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

கேள்வி இதுதான்: கார் இருபது வருடப் பழசு. ஹீட்டரில் சூடு வருகிறது. ஆனால் ஃபேனைக் கடைசி எண்ணில் வைத்தாலும் காற்று முகம் வரை வந்து சேர்வதில்லை. முன்கண்ணாடியில் படியும் பனி விலக வெகுநேரம் ஆகிறது. பார்த்த மெக்கானிக், "ப்ளோவர் மோட்டார் வீக் ஆகிவிட்டது, மாற்றிவிடலாம்" என்கிறார். மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். ஃபேனைச் சுற்றும் அந்த ப்ளோவர் மோட்டார் நிஜமாகவே தேய்ந்திருக்கலாம். இருந்தாலும் பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று, காற்று போகும் வழியில் எங்கோ அடைப்பு. இன்னொன்று, மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ் பாதி வழியிலேயே வீணாவது. இவற்றில் எதுவாக இருந்தாலும் புது மோட்டார் போட்ட பிறகும் காற்று அப்படியேதான் இருக்கும். எனவே முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஃபேன் காற்றைத் தள்ளவில்லையா, தள்ளிய காற்றுக்குப் போக வழியில்லையா?

சூடு இருக்கிறது என்று சொல்லிவிட்டதால் கூலண்ட், தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பக்க அடைப்பு எதையும் இப்போது தொட வேண்டாம். காற்று பலமாக வந்தும் சூடில்லை என்றால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, காற்று வரவில்லை என்ற புகாருக்கு ரேடியேட்டரைக் கழுவி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

காற்று போகும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கைகள் இருக்கும் இடத்தில் ஒரு ஜாலி (ஓட்டை ஓட்டையான மூடி) இருக்கும். வெளிக்காற்று அதன் வழியே உள்ளே இறங்குகிறது. அடுத்து ஒரு ஃபிளாப். வெளிக்காற்றை எடுப்பதா, காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பச் சுழற்றுவதா என்பதை அதுதான் முடிவு செய்யும். பிறகு ஃபில்டர் (இருந்தால்), ப்ளோவர், ஏசி உள்ள வண்டியானால் கூலிங் காயில், அதற்குப் பின் ஹீட்டர் கோர், அதாவது இன்ஜினின் சூடான கூலண்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர். கடைசியாக முகம், கால், கண்ணாடி என்று காற்றைப் பிரித்துவிடும் ஃபிளாப்புகள், குழாய்கள், வென்ட்கள். பலர் மறப்பது இதற்கு அடுத்த கட்டத்தை. உள்ளே வந்த காற்று காரின் பின்பக்கம் வழியாக வெளியேறியாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஹீட்டர் காற்றும் கூலிங் காயில் வழியாகத்தான் வருகிறது என்பது. ஏசியைப் பல வருடமாகப் போடவே இல்லை என்றாலும், அந்தக் காயில் அழுக்கேறி இருந்தால் ஹீட்டர் காற்றும் குறையும்.

கருவி எதையும் கையில் எடுக்காமல், சீட்டில் உட்கார்ந்தபடியே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துக் காதைத் தீட்டுங்கள். சத்தம் வழக்கம் போல இரைச்சலாக இருந்து காற்று மட்டும் குறைவென்றால் அடைப்பு, அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாய் கழன்று காற்று வேறெங்கோ போகிறது. சத்தமே மந்தமாக, ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றுவது போல இருந்தால் கரண்ட் பக்கம் அல்லது மோட்டார். மூன்றாவதாக ஒன்று உண்டு: வழக்கத்தைவிடக் கீச்சென்று உயர்ந்த சுருதியில் சுற்றும். மோட்டார் நல்ல வேகத்தில் ஓடுகிறதே என்று இதை ஏமாந்து கேட்டுவிடுவார்கள். உண்மையில் அது மூச்சுத் திணறல். தள்ளுவதற்குக் காற்று கிடைக்காதபோது இந்த வகை ஃபேனுக்குச் சுமை குறைகிறது, அதனால் வேகம் கூடுகிறது.

அடுத்து ரீசர்க்குலேஷன் பட்டனை மாற்றி மாற்றி அழுத்துங்கள். உள்காற்றுக்கு மாற்றும்போது சத்தமும் காற்றும் கொஞ்சம் கூடுவது இயல்புதான். ஆனால் ஒரேயடியாகக் காற்று எகிறினால் பெரும்பாலும் வெளிக்காற்று வரும் வாய் அடைத்திருக்கிறது, வைப்பர் ஜாலிக்குக் கீழே போய்ப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி பலவீனமாக இருந்தால் கோளாறு ஃபிளாப்பைத் தாண்டி உள்ளே இருக்கிறது.

இனி வெளிக்காற்று நிலையிலேயே வைத்துக்கொண்டு, பின் கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். காற்று சட்டென்று கூடினால், வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் அந்த வழி பின் பம்பரின் உட்புறத்திலோ டிக்கியின் பக்கச் சுவரிலோ இருக்கும். மெல்லிய ரப்பர் மடிப்புகள் கொண்ட சின்ன ஜன்னல் அது. டிக்கியில் சாமான்களை அடைத்து வைப்பது, பெயிண்ட் அடித்தபோது ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டது, சத்தம் குறைக்க ஒட்டிய ஷீட் அதன் மேலேயே ஏறியது என்று காரணங்கள் எல்லாம் அற்பமானவை. கண்டுபிடிக்கத்தான் நாளாகும்.

கடைசிச் சோதனை, சூட்டு நாப். முழுக் குளிரில் வைத்தால் காற்று நன்றாக வந்து, முழுச் சூட்டுக்குத் திருப்பியதும் கணிசமாகக் குறைந்தால் ஹீட்டர் கோரின் தகடுகளுக்கு இடையே அழுக்கு என்று அர்த்தம். ஏனென்றால் பல கார்களில் குளிர் நிலையில் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், சூட்டு நிலையில்தான் அதன் ஊடே போகும். சில பழைய வண்டிகளில் காற்று எப்போதும் கோரின் ஊடேதான் போகும், சூட்டைக் கட்டுப்படுத்துவது தண்ணீர் வால்வு. அப்படிப்பட்ட வண்டியில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

சரி, அடைப்பு என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? சுலபமானதிலிருந்து. கேபின் ஃபில்டர் பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் அல்லது வைப்பர் ஜாலிக்கு அடியில் இருக்கும். அதை உருவிவிட்டு, ஃபில்டர் இல்லாமலே ஒரு நிமிடம் ஃபேனை ஓட்டிப் பாருங்கள். காற்று திரும்பிவிட்டால் புது ஃபில்டரோடு வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: 1990-களுக்கு முந்தைய பெரும்பாலான கார்களில் இந்த ஃபில்டரே கிடையாது. சில மாடல்களில் செருகும் இடம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஃபில்டர் இல்லாத வண்டியில் இத்தனை வருடத் தூசியும் எங்கே போயிருக்கும் என்பதற்கு விடை ஒன்றுதான்: கூலிங் காயில்.

வைப்பர் ஜாலியைக் கழற்றினால் மக்கிய இலை, மகரந்தத் தூள், சில சமயம் எலிக்கூடு வரை கிடைக்கும். கையால் அள்ளுங்கள், வாக்குவம் போடுங்கள். உடனே தண்ணீரை அடித்துக் கழுவாதீர்கள், குப்பை முழுக்க ப்ளோவருக்குள் இறங்கிவிடும். அள்ளிய பிறகு அங்கிருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் திறந்துவிடுங்கள். அவை அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் ப்ளோவர் மேலேயே இறங்கும், மோட்டாரின் பேரிங் துருப்பிடிப்பது பல வண்டிகளில் இப்படித்தான். எலிக்கூடு இருந்தால் மாஸ்க்கும் கையுறையும் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே எடுக்க வேண்டும். உலர்ந்த எலிப் புழுக்கையின் தூளை மூச்சில் இழுப்பது விளையாட்டல்ல. இந்த ஒரு இடத்தில் வாக்குவமும் வேண்டாம், தூளைக் கிளப்பிவிடும்.

அப்புறம் ப்ளோவர். பல கார்களில் இது க்ளவ் பாக்ஸுக்குக் கீழே, பக்கத்தில் உட்கார்பவரின் கால் இருக்கும் இடத்தில் இருக்கும். சில திருகுகள், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால் கழற்றிய பின் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து டேஷ்போர்டில் கை வையுங்கள்.

மோட்டாரோடு சேர்ந்து வெளியே வரும் உருளைக் கூண்டு வடிவ ஃபேனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதைச் சுற்றி வரிசையாக மெல்லிய பிளேடுகள், ஒவ்வொன்றும் உட்பக்கம் குழிந்த வளைவாக இருக்கும். அந்தக் குழிவுதான் காற்றை அள்ளி வீசுகிறது. பழைய வண்டியில் ஒவ்வொரு குழியிலும் சாம்பல் நிறத் தூசி கெட்டியாகப் படிந்து, வளைவே தெரியாமல் தட்டையாகி இருக்கும். நகத்தால் சுரண்டினால் பட்டையாக உரிந்து வரும். மோட்டார் நன்றாகத்தான் சுற்றும், பிளேடுகள் அள்ளுவதற்குத்தான் குழி இல்லை. பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல், முடிந்தால் கூண்டைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். சமநிலைக்காக அதில் குத்தியிருக்கும் சின்னக் கிளிப்பைப் பிடுங்கிவிடாதீர்கள், பிடுங்கினால் ஓடும்போது டேஷ்போர்டே அதிரும். கூண்டு ஷாஃப்ட்டில் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் விரிசல் விட்டு, மோட்டார் சுற்ற கூண்டு வழுக்கிக்கொண்டிருக்கும் கேஸ்களும் உண்டு.

ப்ளோவர் இருந்த ஓட்டை வழியாகவே கூலிங் காயிலைப் பார்க்க முடியுமா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முடியாவிட்டால் ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். ஃபேன் வேகத்தைக் குறைக்கும் அந்தச் சின்ன உறுப்பு, சூடு தணிவதற்காகக் காற்று வழியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பல வண்டிகளில் அது ப்ளோவருக்கும் காயிலுக்கும் நடுவில் இருப்பதால், கழற்றினால் உள்ளே எட்டிப் பார்க்க நல்ல ஜன்னல். எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் இன்னும் வசதி, போனில் செருகும் சாதாரண வகையே போதும். நல்ல காயிலில் மெல்லிய அலுமினியத் தகடுகள் கோடு கோடாகத் தெரியும். கெட்ட காயிலில் கோடே தெரியாது, முடியும் பஞ்சும் தூசியும் ஈரத்தில் ஊறிக் காய்ந்து, கம்பளி போர்த்தியது போல ஒரே படலமாக இருக்கும்.

அதை எடுக்கும்போது அவசரம் கூடாது. முதலில் உலர்ந்த நிலையில், மென்மையான பிரஷால் தகடுகள் நிற்கும் திசையிலேயே வருடி, வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கி, நீங்களே புது அடைப்பு உண்டாக்கியவராவீர்கள். பெரிய படலம் வந்த பிறகு காயில் கிளீனர் நுரை அடித்து ஊற விட்டால் மிச்சம் கரைந்து, ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய் வழியாக வடியும். அந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்திருந்தால் நுரைத் தண்ணீர் முழுக்க கார்பெட்டில் வந்து இறங்கும். நிறையப் பேர் செய்வது போல, கம்பளிப் படலத்தை எடுக்காமல் நேராக நுரை அடிப்பதில் பயனில்லை. மேற்பரப்பு நனைந்து இன்னும் இறுகிவிடும்.

காற்றோடு கறுப்பாகவோ மஞ்சளாகவோ ஸ்பாஞ்ச் துகள்கள் வென்ட் வழியாக வந்து மடியில் விழுந்ததுண்டா? ஃபிளாப்புகளின் மேல் ஒட்டியிருந்த ஃபோம் வயதாகி உதிர்கிறது என்று பொருள். வெளியே வந்தது போக மீதி ஹீட்டர் கோரின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன சூட்டு நாப் சோதனையில் வித்தியாசம் காட்டும் வண்டிகளில் இதையும் சந்தேகப்படுங்கள். ஃபோம் போன ஃபிளாப்பில் ஓட்டைகள் இருந்தால் காற்று தப்பான பக்கம் கசியும். அதற்கு ஃபிளாப்புகள் இருக்கும் ஹீட்டர் பெட்டியைத் திறந்து ஓட்டைகளை அலுமினிய டேப்பால் மூட வேண்டியிருக்கும். இது ஒருநாள் வேலை, முதல் முயற்சியில் இறங்க வேண்டாம்.

வென்ட்களில் காற்று குறைந்து, அது முன்கண்ணாடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தால் கதையே வேறு. பல பழைய கார்களில் இந்த ஃபிளாப்புகளை இழுப்பது இன்ஜினிலிருந்து வரும் வாக்குவம், அதாவது உறிஞ்சும் விசை. கசிவு ஏற்பட்டால் ஃபிளாப் கண்ணாடிப் பக்கம் போய் நிற்கும்படிதான் பெரும்பாலும் வடிவமைத்திருப்பார்கள், கண்ணாடி தெரிய வேண்டும் என்ற பாதுகாப்புக்காக. மேட்டில் ஏறும்போதோ ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதோ மட்டும் முகத்துக்கு வரும் காற்று குறைந்து, காலை எடுத்ததும் திரும்பி வந்தால் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். த்ராட்டில் திறக்கும்போது இன்ஜினின் வாக்குவம் விழும். அதைச் சேமித்து வைக்கும் டப்பாவோ ஒருவழி வால்வோ மெல்லிய ரப்பர் டியூபோ விரிசல் விட்டிருக்கும். கேபிளால் இயங்கும் வண்டியானால், நாப் சுற்றுகிறது ஆனால் ஒன்றும் மாறவில்லை என்றால் டேஷ்போர்டுக்குக் கீழே கிளிப் கழன்றிருக்கும்.

இனி கரண்ட் பக்கம். சத்தமே மந்தமாக இருக்கும் வண்டிக்கு இது. ஒரு விஷயம் முதலில்: கடைசி வேகம் மட்டும் வேலை செய்கிறது, மற்றவை இல்லை என்றால் ரெசிஸ்டர் போயிருக்கிறது. மற்ற வேகங்கள் எல்லாம் சரி, கடைசி வேகம் மட்டும் இல்லை என்றால் ரிலேயையோ (பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சார ஸ்விட்ச்) டேஷ்போர்டு ஸ்விட்சையோ பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் முழு வேகத்தில் கரண்ட் ரெசிஸ்டரைத் தொடாமலே போகிறது. எனவே முழு வேகத்திலேயே காற்று குறைவு என்ற புகாருக்கு ரெசிஸ்டரை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கம் வழியாக மோட்டாரின் இரண்டு வயரிலும் தொடுங்கள். இன்ஜின் ஓட வேண்டும், ஃபேன் முழு வேகத்தில் இருக்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் மோட்டாரில் 13-க்கு மேலாவது இருக்க வேண்டும். 10 அல்லது 11 காட்டினால் மோட்டாரைக் குறை சொல்ல முடியாது, வழியில் எங்கோ வோல்டேஜ் விழுகிறது. கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்தால் 14 முழுதாகக் காட்டிவிடும், ஏமாந்துவிடாதீர்கள். கரண்ட் ஓடும்போதுதான் தப்பு வெளியே வரும்.

ஒரு சின்னக் கணக்கு. முழு வேகத்தில் ப்ளோவர் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த கனெக்டரில் 0.1 ஓம் எதிர்ப்பு இருந்தால், 2 வோல்ட் அங்கேயே போகும். அதோடு 40 வாட் சூடு அந்தச் சின்ன பிளாஸ்டிக்கில் இறங்கும். கனெக்டர் பழுப்பேறி உருகி இருப்பதற்குக் காரணம் இதுதான். ஃபேனின் வேகம் வோல்டேஜோடு கிட்டத்தட்ட இணைந்தே குறையும், காற்றைத் தள்ளும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் குறையும். 14-க்குப் பதில் 10 வோல்ட் போனால் அழுத்தம் ஏறத்தாழ பாதிதான்.

எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் வயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். ஃபேன் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாயிண்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். சில வண்டிகளில் ஸ்விட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்திலேயே இருக்கும், அப்போது அவற்றையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பாசிட்டிவ் பக்கத்தையும் இதே போல ஃபியூஸ், இக்னிஷன் ஸ்விட்ச், ரிலே, ஃபேன் ஸ்விட்ச் என்று ஒவ்வொரு துண்டாக அளந்து வந்தால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். ரொம்பப் பழைய வண்டிகளில் மோட்டாரின் முழுக் கரண்டும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவே போகும். தேய்ந்த ஸ்விட்சை மாற்றுவதோடு, கடைசி வேகத்துக்குத் தனி ஃபியூஸோடு ஒரு ரிலே போட்டுவிடுவது நல்ல வேலை. வயர் தடிமனாக இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எக்காரணம் கொண்டும் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், அடுத்து எரிவது வயரிங்காக இருக்கும்.

வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் இன்னொரு தகவல் கிடைக்கும். வோல்டேஜ் சரியாக இருந்து ஆம்பியர் வழக்கத்தைவிடக் கூடுதலாக, சத்தமும் மந்தமாக இருந்தால் பேரிங் இறுகியிருக்கிறது. வோல்டேஜ் சரி, ஆம்பியர் குறைவு, சத்தம் உயர்ந்த சுருதி என்றால் திரும்பவும் அடைப்புதான். ஆம்பியரும் குறைவு, வேகமும் குறைவு என்றால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. 15 முதல் 25 ஆம்பியர் வரை பல வண்டிகளில் முழு வேகத்தில் பார்க்கலாம்.

ரெசிஸ்டர் அடிக்கடி எரியும் வண்டி என்றால் அதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ரெசிஸ்டரைக் குளிர்விப்பது ஃபேன் தள்ளும் காற்று. காயில் அடைத்து அந்தக் காற்று குறைந்தாலும் எரியும், பேரிங் இறுகி மோட்டார் அதிக கரண்ட் இழுத்தாலும் எரியும். அதை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மோட்டாரைக் கையில் எடுத்துக் கூண்டைச் சுற்றிவிட்டால், நல்ல மோட்டாரில் அது சீராகச் சில சுற்றுகள் ஓடி நிற்கும். கரகரப்பு, பக்கவாட்டு ஆட்டம், உடனே நின்றுவிடுவது, இதில் எது இருந்தாலும் மாற்றிவிடலாம். எண்ணெய் விட்டு ஓட்டுவது சில வாரங்களுக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்ப முடியாது.

புது மோட்டார் போட்டதும் அது சுற்றும் திசையைப் பார்க்காமல் மூடிவிடாதீர்கள். பழைய வண்டிக்குப் பொருந்தும் என்று வரும் மாற்று மோட்டார்களில் சில சமயம் வயர் மாறியிருக்கும், அல்லது பழைய கூண்டு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். இந்த வகை ஃபேன் எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று வென்ட் வழியாகத்தான் வரும், பின்னால் இழுக்காது. ஆனால் பாதிகூட வராது, இரைச்சல் மட்டும் அதிகமாக இருக்கும். "புது மோட்டார் போட்டும் அதே கதை" என்று வந்து நிற்கும் வண்டிகளில் இதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கழற்றும் முன்பே பழைய மோட்டார் எந்தப் பக்கம் சுற்றியது என்று உறையில் மார்க்கரால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். புதியதை மாட்டியதும் குறைந்த வேகத்தில் ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, கூண்டு நிற்கும் தருவாயில் திசையைப் பாருங்கள். எதிர்த்திசை என்றால், இரண்டு வயர் மட்டும் உள்ள சாதாரண மோட்டாரில் வயர்களை மாற்றிக் கொடுத்தால் போதும். கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸ் உள்ளேயே இருக்கும் மோட்டாரில் அப்படிச் செய்தால் அது எரிந்துபோகும், கடைக்காரரிடம் கொடுத்துச் சரியானதை வாங்கிக்கொள்ளுங்கள்.